கையடக்கக் கங்காணி

கண்டி வாவியைச் சுற்றி விடிகாலையில் நடப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான அப்பாதையிலே சிலர் நீரைப் பார்த்து நடக்கின்றனர்; சிலர் மணிக்கட்டிலுள்ள கருவியைப் பார்த்து நடக்கின்றனர். கருவி அடிகளை எண்ணுகிறது, குறைந்தால் நினைவூட்டுகிறது, நிறைந்தால் பாராட்டுகிறது. இத்தகைய கருவிகளைப் புற்றுநோயிலிருந்து மீண்ட இளைஞருக்கு அளித்து, அவர்களை உடற்பயிற்சியில் ஊக்கலாம் என்று மருத்துவ உலகம் இன்று எண்ணுகிறது. நோக்கம் நன்று. ஆயினும் நல்ல நோக்கமும் விசாரணைக்கு உரியதே. மீண்டவர் உடலைத் தேற்றும் கடமை யாருடையது? அவருடையது மட்டுமா? அவரை மீட்ட சமுதாயத்துக்கும் அதில் பங்குண்டா?

முதலில் மருத்துவம் கூறுவதைக் கேட்போம். சிகிச்சை முடிந்த நாளோடு அதன் விளைவுகள் முடிந்துவிடுவதில்லை. டொக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைத் தாக்கக்கூடும். வின்கிறிஸ்டின் கைகால் நரம்புகளை வாட்டக்கூடும். ஸ்டீரோயிட் மருந்துகள் எலும்பை நலிவிக்கக்கூடும். உறங்கியும் தீராத சோர்வு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. இச்சோர்வுக்கு ஓய்வே மருந்தென ஒரு காலத்தில் வைத்தியரும் நம்பினர். இன்று அந்நம்பிக்கை மாறிவிட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் மிதமான பயிற்சி செய்தாலே சோர்வும் மனத்தளர்ச்சியும் குறைகின்றன. இதயத்தைச் சோதித்து, வைத்தியர் வகுத்த அளவில் செய்ய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஆக, பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஐயம் எண்ணைப் பற்றியது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கு எங்கே பிறந்தது? 1964-ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த ஆர்வத்தில், 1965-இல் ஜப்பானிய நிறுவனமொன்று அடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள் தருவது. சந்தைக்கு வந்த பெயரொன்று உலக மக்களின் மனச்சான்றாக மாறிவிட்ட விந்தை இது!

ஹந்தானையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ உள்ள லயமொன்றில் வாழும் ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பார்ப்போம். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவள். பீலியில் நீர் பிடித்துச் சுமந்து படியேறுகிறாள், விறகு சேர்க்கிறாள். கைத்தொலைபேசியோ வீட்டில் கிடக்கிறது. குடும்பத்துக்கு உள்ளது அது ஒன்றே. தம்பியின் பாடங்களும் அதிலேதான். மாலையில் அது அறிவிக்கிறது: 'இன்றைய இலக்கை நீ எட்டவில்லை.'

அவளுடைய தாய்க்கு இம்மொழி புதிதன்று. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கத்தை அவள் அறிவாள். மலை காய்ந்து கிடந்ததா, உடல் நொந்திருந்ததா என்று தராசு கேட்பதில்லை. தாயின் கூடைக்கு ஒரு கங்காணி இருந்தது போல மகளின் கைக்குள்ளும் ஒரு கங்காணி வந்து அமர்ந்துவிட்டால், நோயிலிருந்து மீண்டவள் குற்றவுணர்விலிருந்து மீள்வது எப்போது? நோய் திரும்பினால், 'நீ நடக்கவில்லை, அதனால் வந்தது' என்று சொல்ல ஊரும் காத்திருக்குமே!

அப்படியாயின் கருவியை வீசி எறிந்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கூடாது. மலையிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஒருமுறை வந்துபோவதென்றால் பஸ் கட்டணத்தோடு ஒருநாள் சம்பளமும் போகிறது. இயன்மருத்துவரின் அறிவுரை தொலைபேசி வழியே லயத்தை எட்டுமானால் அது பெருநன்மை. மகளின் கலியாணம் தடைப்படுமென்று அஞ்சி நோயையே மறைக்கும் குடும்பங்கள் உள்ள நாட்டில், அதே துன்பத்தைக் கடந்த இன்னொருத்தியின் குரலைக் கேட்பதும் மருந்தே. 2013-இல் வெளியான வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வொன்று, புற்றுநோயிலிருந்து மீண்ட 86 இளையோரை இரு முகநூல் குழுக்களாகப் பிரித்து 12 வாரம் கவனித்தது. ஒரு குழுவுக்கு இலக்கு வகுக்கும் வசதியும் வழிகாட்டலும் இருந்தன, மற்றதற்கு இல்லை. இரு குழுவினரும் முன்னிலும் மிகுதியாக உடலை இயக்கினர். மிதமான, கடுமையான பயிற்சிகளில் இரண்டுக்குமிடையே திட்டமான வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்விலிருந்து பெரிய முடிவுக்குத் தாவலாகாது. எனினும் எண்ணிக்கையினும் துணை பெரிதென்று கருத இடமுண்டு.

புற்றுநோயால் வலக்காலை இழந்த கனடிய இளைஞர் டெரி ஃபொக்ஸ், 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். அவர் கேட்டதென்ன? ஒவ்வொரு கனடியரும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு டொலர் தர வேண்டும் என்பதே. தம் அடிகளை எண்ணி அவர் சமுதாயத்தின் கடனைக் கணக்கிட்டார்! நம் கருவிகளும் அக்கணக்கையே எழுதட்டும்.

அதற்கு அவை தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டும். அவை திரட்டும் விவரம் வைத்தியரிடம் செல்ல வேண்டும். வணிகரிடமோ வேலை கொடுப்போரிடமோ செல்லலாகாது. தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டத்தை நாடு 2022-இல் இயற்றியது; அதன் பயன் லயத்து வாசல்வரை வர வேண்டும். பணம் பெறாது சிகிச்சையளித்து உயிர் காக்கும் நாடு, காத்த உயிரைப் பாதி வழியில் விட்டுவிடலாமா?

ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. மீண்டு வந்த மாணவனை விளையாட்டு நேரத்தில் மரநிழலில் உட்காரவைத்து, அதனை இரக்கமென்று எண்ணிக்கொள்கிறோம். வைத்தியர் அனுமதித்த அளவில் அவனோடு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர நமக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

அடி குறைந்த நாளில் 'ஏன் நடக்கவில்லை?' என்று அதட்டுவது கங்காணியின் குரல். 'நடக்க எது தடையாயிற்று?' என்று கேட்டு, அத்தடையை நீக்கக் கைகொடுப்பது தோழனின் குரல். இவ்விரண்டில் எதைக் கருவிக்குக் கொடுப்பது என்பதைக் கருவி செய்வோர் மட்டுமே தீர்மானிக்க நாம் விட்டுவிடலாகாது.