ஒடுக்கை யார் எடுப்பது?

காடியில் ஒரு ஒடுக்கு விழுந்தால் நாமே எடுக்கலாமா, கெத்தோக் கடைக்குக் கொண்டு போகணுமா? இதைப் போய் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி என்கிறானே என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே. எங்கள் விடுதியில் இந்தக் கேள்வி ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காசு மிச்சம் என்று ஆரம்பித்த பேச்சு, உழைப்பு, மரியாதை, படிப்பு, பொய் என்று எங்கெங்கோ போனது. மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிந்தோம். ஆனாலும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை.

பேச்சைக் கிளப்பியது என் சித்தப்பாவின் மைவி. ஈப்போவில் நிறுத்தி வைத்திருந்தபோது யாரோ இடித்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்கள். பின் பம்பரில் ஒரு பள்ளம், இடது பக்கக் கதவில் இன்னொன்று. காப்புறுதியில் கோரலாம்தான். ஆனால் கோரினால் என்.சி.டி. போய்விடும். இழப்பீடு கோராமல் ஓட்டுகிறவருக்கு முதல் ஆண்டு முடிந்ததும் கட்டணத்தில் 25 விழுக்காடு கழிவு, அது படிப்படியாக ஏறி 55 விழுக்காடு வரை போகும். உள்ளங்கை அகல ஒடுக்குக்காக அதை இழக்க யாருக்கு மனசு வரும்? சின்ன ஒடுக்கு என்றாலே கைக்காசுதான். கைக்காசு என்றதும் அடுத்து வருவது யூடியூப்.

சித்தப்பா மகன் களத்தில் இறங்கினான். பம்பரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினான், பின்னாலிருந்து கையை விட்டுத் தள்ளினான், ‘டப்’ என்று வெளியே வந்தது. வீடே கைதட்டியது. அந்தத் தெம்பில் கதவுக்குப் போனான். முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி ஐஸ்கட்டி வைத்துப் பார்த்தான், அசையவில்லை. பிறகு கதவின் உள்பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்து சுத்தியலால் நாலு போடு போட்டான். பள்ளம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அங்கே ஐந்து மேடு. புந்தோங் பக்கத்துப் பட்டறை அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னது: “பம்பரு நல்லா எடுத்திருக்கே தம்பி. கதவைத் தொடாம வந்திருந்தா 250 வெள்ளி. இப்போ 400 ஆவும்.”

ஒரே காடி, ஒரே பையன், ஒரே மதியம். ஒன்று பலித்தது, இன்னொன்று கெட்டது. ஏன்? பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் நகர முடியாது. இப்போதைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகும், இளகினால் அச்சில் வார்த்த பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். கதவு அப்படி இல்லை. அது முக்கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள இரும்புத் தகடு. கொஞ்சம் வளைத்தால் திரும்பி வரும். யீல்டு பாயிண்ட் என்று நாங்கள் படிக்கிற எல்லையைத் தாண்டி வளைந்துவிட்டால் வளைந்தது வளைந்ததுதான். அதோடு மடிந்த இடத்தில் உலோகம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். அங்கே சுத்தியலால் அடித்தால், கெட்டியான மடிப்பு அப்படியே நிற்கும், பக்கத்தில் மெதுவாக இருக்கிற தகடுதான் நீளும். நீண்ட தகட்டுக்கு இடம் வேண்டுமே, அதனால் மேடாகப் புடைக்கும். தம்பி கதவை நிமிர்த்தவில்லை, கதவை வளர்த்துவிட்டான்!

பட்டறை அண்ணன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் கால் மணி நேரம் அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. நீளமான குழல் விளக்கைக் கதவின் மேல் பிடித்து, அதன் பிம்பம் எங்கே நெளிகிறது என்று பார்த்தார். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தடவினார். பிறகு ஓர் இரும்புக் கட்டையைத் தகட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வெளியேயிருந்து லேசாகத் தட்டினார். பள்ளத்தின் நடுவில் அல்ல, ஓரத்திலிருந்து. இடி விழுந்தபோது கடைசியாக மடிந்தது எதுவோ அதை முதலில் அவிழ்க்க வேண்டுமாம். நீண்டுபோன இடத்தில் கேஸ் தீயால் ஒரு சின்னப் புள்ளி சூடு காட்டி, ஈரத்துணியால் ஒற்றினார். தகடு சுருங்கி உள்ளே இறங்கியது. வெப்பத்தால் விரிவதற்கும் குளிர்ந்து சுருங்குவதற்கும் நான் மூன்றாம் பருவத்தில் சமன்பாடு எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எந்த இடத்தில், எத்தனை விநாடி என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லை. அவர் கையில் இருந்தது.

இங்கேதான் என் கேள்வி மாறியது. “ரெண்டு மணி நேர வேலைக்கு 400 வெள்ளியா?” என்று சித்தப்பா முணுமுணுத்தார். நாம் எல்லாருமே அப்படித்தான் கணக்குப் போடுகிறோம். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 80 வெள்ளி வாங்கினால் ‘எத்தனை வருஷம் படிச்சவரு’ என்கிறோம். பட்டறைக்காரர் கேட்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறோம். ஒருவரிடம் அறிவுக்குக் காசு, இன்னொருவரிடம் நேரத்துக்குக் காசு. இந்த வித்தியாசத்தை யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

பேராக்கில் பிறந்தவர்களுக்கு இதற்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் பாழானது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி, 1890களில், ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவிக்கொண்டே போகும் முறையைக் காட்டினார். அந்த முறைக்கு அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் அதை விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியது யார்? எங்கள் பாட்டி மாதிரி ஆட்கள். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பகுதியில்தான் அடர்த்தியாக இருக்கும். அதற்கும் உள்ளே, மரம் புதுப்பட்டை வளர்க்கும் படலம். கத்தி ஆழம் போதாவிட்டால் மங்கில் பால் விழாது. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் படலத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை, அதுவும் சாய்வு மாறாமல்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் இதைச் செய்த பாட்டியிடம் “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டால் “என்னா வேல, கூலி வேலதான்” என்பார். அவரே அப்படிச் சொல்லும்படி அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. கூலி என்ற சொல்லில் கைக்கு மட்டும்தான் இடம், கையில் இருக்கிற அறிவுக்கு இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் மெங்ளம்புவுக்கும் பட்டறைகளில் கையாளாகப் போனபோது, அந்தச் சொல்லும் கூடவே லாரி ஏறி வந்தது என்று நினைக்கிறேன். இன்று 400 வெள்ளிக்கு முகம் சுளிக்கிற நாம், பாட்டிக்கு நாள் சம்பளம் எழுதிய ஆளின் கண்ணால்தான் பட்டறையைப் பார்க்கிறோம்.

மகாபாரதத்தில் வன பர்வத்தில் ஒரு கதை வரும். கௌசிகன் என்ற வேதம் படித்தவன், தன் மேல் எச்சமிட்ட கொக்கைக் கோபப் பார்வையாலேயே எரித்தவன். அவனுக்குத் தர்மம் சொல்லிக் கொடுப்பது இன்னொரு பண்டிதன் அல்ல. மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் தர்மவியாதன். அதுவும் கடையிலேயே போய்ப் பார்க்கிறான், கடைக்காரர் வேலையில் இருக்கிறார், படித்தவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. சமயக் கூட்டங்களில் இந்தக் கதையைப் ‘பெற்றோர் சேவை’ என்ற தலைப்பில் பலமுறை கேட்டாச்சு. அந்த ஒதுங்கி நிற்கும் காட்சியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இதே கதையைக் காட்டி ‘அவனவன் குலத்தொழிலை அவனவன் பார்க்கணும்’ என்று யாராவது கிளம்பினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புந்தோங் அண்ணன் கொல்லர் வீட்டுப் பிள்ளை இல்லை, பால்வெட்டுக்காரர் பிள்ளை. கை பழகினால் வரும், பிறப்பால் வராது.

அப்படியானால் நாமே செய்வது தப்பா? விடுதியில் ஒரு நண்பன் இதைத்தான் பிடித்துக்கொண்டான். “ஏகலைவனுக்கு யாருடா டியூஷன் எடுத்தா?” என்றான். நல்ல அடி. ஆனால் ஏகலைவன் துரோணர் சிலையை வைத்துக்கொண்டு காட்டில் வருடக்கணக்காக அம்பு விட்டவன். நாம் பன்னிரண்டு நிமிட வீடியோவை, அதுவும் விளம்பரத்தைத் தாண்டிவிட்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவர்கள்.

இன்னொரு தோழி சொன்னதுதான் கனமானது. “காசு இல்லாதவங்க வேற என்ன செய்வாங்க? தோட்டத்துல எல்லாரும் எல்லாத்தையும் தானேதான் செஞ்சாங்க. சைக்கிள், தகரக் கூரை, அடுப்பு. அவங்க யார் தொழிலையும் அவமதிக்கலையே.” உண்மை. இல்லாமையில் செய்வதும் இளக்காரத்தில் செய்வதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. காசில்லாதவன் ஒடுக்கோடு ஓட்டலாம், ஒடுக்கு ஒன்றும் பாவமில்லை. பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் மட்டும் நம்மூர் மழைக்குத் துரு பிடிக்கும், அதை மூடினால் போதும்.

என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நான் கற்றுக்கொள்ளும்போது கெட்டுப்போவது யாருடையது? கெடாய் போத்தோங்கில் ஒரு பழைய ஃபெண்டரை வாங்கி வந்து வீட்டுப் பின்னால் போட்டு அடித்துப் பழகுங்கள், யாருக்கும் நட்டமில்லை, உலோகத்தைப் பற்றி என் விரிவுரைக் குறிப்புகளைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள். ஆனால் அப்பா கடன் கட்டிக்கொண்டிருக்கிற காடியின் கதவு நம் பயிற்சிப் பலகை இல்லை. ரேடார் உணர்கருவி பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் புது மாடல்களில் பம்பரைக்கூட நான் தொட மாட்டேன். அதில் பிசகினால் அடிபடுவது சாலையில் எதிரே வருகிறவர்.

பட்டறைக்குக் கொடுத்தாலும் கேள்வி முடிந்துவிடாது. பேரம் இருக்கிறதே! 400ஐ 300 ஆக்கிவிட்டு வெற்றிச் சிரிப்போடு வருகிறோம். அந்த 100 வெள்ளி எங்கிருந்து குறைந்தது என்று கேட்பதில்லை. தகட்டை நிமிர்த்தும் நேரம் குறைந்து, பள்ளத்தை பட்டியால் நிரப்பித் தேய்த்திருக்கலாம். அடிப்பூச்சு ஒரு கை குறைந்திருக்கலாம். இன்னொன்றும் குறையலாம், அதுதான் எனக்கு உறுத்துகிறது. மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட்டில் கலக்கும் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தொடர்ந்து மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். அதற்கு மூடிய அறையும் தகுந்த முகக் கவசமும் வேண்டும், மூக்கில் கட்டிய துணி போதாது. அதற்கெல்லாம் காசு வேண்டும். வீட்டுப் போர்ட்டிக்கோவில் தானே ஸ்பிரே அடிக்க நினைக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன், உள்ளே பாட்டி படுத்திருப்பார், தம்பி விளையாடிக்கொண்டிருப்பான்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் பட்டறையிலேயே வேலை செய்கிறவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு தகவல். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றிருந்தாலும், செய்த வேலைகளின் அத்தாட்சிகளைத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெற வழி உண்டு. முந்தைய தேர்ச்சிக்கான அங்கீகாரம், பி.பி.டி. என்பார்கள். திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் நடக்கிறது. புந்தோங் அண்ணனிடம் சொன்னேன். “சர்ட்டிபிகேட்டு வந்து சுத்தியல் புடிக்குமா?” என்று சிரித்தார். பிடிக்காதுதான். ஆனால் சொந்தமாகப் பட்டறை போட நினைக்கிறவன் கடனுக்குப் போகும்போது, கையில் இருப்பதைக் காகிதத்திலும் காட்டத்தானே வேண்டியிருக்கிறது? அவர் பாரங்களை வாங்கி வைத்துக்கொண்டார், நிரப்பினாரா என்று இன்னும் கேட்கவில்லை.

கதைக்கு ஒரு வால் இருக்கிறது. சித்தப்பா இப்போது அந்த மைவியை விற்கப் போகிறார். கதவைப் பார்த்தால் எதுவும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. தெரிந்துகொள்ள ஒரு வழி மட்டும் உண்டு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். எங்கள் கதவில் ஓர் ஓரத்தில், தம்பி அடித்த ஐந்தாவது மேடு இருந்த இடத்தில், கொஞ்சம் தளர்கிறது. வாங்க வருகிறவர் தைப்பிங்கிலிருந்து ஓர் ஆசிரியர், காடியைப் பற்றி அதிகம் தெரியாதவர். சொல்லணுமா வேணாமா என்று வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு. கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் விடுவோம் என்பது சித்தப்பா கட்சி. கேட்கத் தெரியாதவரிடம் அப்படிச் சொல்வது என்ன நியாயம் என்பது சித்தி கட்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். சித்தி காந்தத்தை எடுத்துச் சாவிக் கொத்தோடு சேர்த்து மாட்டி வைத்திருக்கிறார்.