தனி வழியா, துணை வழியா?



நம் வாலிபர் ஒருவர் விடியுமுன் திருத்தணி சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறார். சென்னையில் நடக்கும் 200 கிலோமீட்டர் 'ப்ரெவே' சவாரியில் சேர அவருக்கு ஆசை. "சுவாமி, தனியே போவதா, கூட்டத்தோடு போவதா?" என்று கேட்டார்.

இச்சவாரி பந்தயம் அன்று. முதற் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடித்தால் போதும்.

இதே கேள்விக்குப் பிரான்சு தேசத்தில் இரண்டு விதமான பதில்கள் உண்டாயின. 1904-இல் ஆன்ரி தெக்ராஞ்ஜ் என்பவர் வகுத்த முறைப்படி, எல்லோரும் ஒரு தலைவன் பின்னே ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். 1921-இல் பாரிஸ் ஒடாக்ஸ் சங்கம் அவரை விட்டுப் பிரிந்து, அவரவர் தம் வேகத்தில் செல்லும் முறையை மேற்கொண்டது. நம் நாட்டில் இன்று நடக்கும் ப்ரெவே சவாரிகள் இந்த இரண்டாம் முறையைச் சேர்ந்தவை.

கூட்டத்தில் நன்மை உண்டு. முன்னே செல்பவன் காற்றை எதிர்த்து மிதிக்க, பின்னே வருபவனுக்குப் பாடு குறைகிறது. ஆனால் தன் முறை வந்தும் முன்னே வராமல், பிறர் முதுகுக்குப் பின்னேயே ஊர் சேருகிறவனும் உண்டு. அவன் உழைப்பைத் திருடுகிறான் அன்றோ? தனிமையிலும் நன்மை உண்டு. மனிதன் தன் பலத்தையும் பலவீனத்தையும் அங்கே அறிகிறான். ஆனால் "எனக்கு எவர் தயவும் வேண்டாம்" என்னும் ஆங்காரமும் அங்கேதான் முளைக்கிறது.

இச்சவாரியின் விதி ஒன்று கவனிக்கத்தக்கது. துணை வண்டி வழிநெடுகக் கூடவே வந்து உதவலாகாது. ஆயினும் சவாரி செய்வோர் ஒருவருக்கொருவர் உதவலாம். ஆகவே ஒவ்வொருவனும் தன் டியூபையும் பம்பையும் விளக்கையும் தானே கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு புறப்பட்டவன் பிறனுக்கு எதைக் கொடுப்பான்?

இனி ஓர் இரவை நினையுங்கள். சாலையோரம் ஒருவன் பஞ்சரான சக்கரத்தோடு நிற்கிறான். நின்று உதவினால் உங்கள் நேரம் கழியும். குறித்த மணிக்குள் சேராவிட்டால் அத்தனை பாடும் கணக்கில் வராது. தனியே வருபவன், "தாமதித்தால் நஷ்டம் எனக்கே" என்று கடந்து போகலாம். கூட்டத்தில் வருபவன், "யாராவது நிற்பார்கள்" என்று கடந்து போகலாம். குற்றம் இருவருக்கும் ஒன்றே.

ஆகையால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: உன் கால்களுக்கு ஏற்ற வேகத்தில் போ, துணை கிடைத்தால் உன் முறைக்கு நீ முன்னே வா, நிற்பவனைக் கண்டால் நின்று கேள்.

பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மணி நேரத்தில் முடித்தாய்?" என்று கேட்பது இயல்பு. "வழியில் யாருக்காக நின்றாய்?" என்றும் கேளுங்கள்.