நெகேமியாவின் ‘நாங்கள்’



தவக்கால ஒப்புரவு வழிபாட்டுக்கு வந்திருக்கிறோம். சற்றுமுன் நெகேமியா நூலின் முதல் அதிகாரம் வாசிக்கக் கேட்டோம். பாரசீக மன்னருக்குத் திராட்சை இரசம் பரிமாறும் பணியாளர் நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்தே கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்து அழுகிறார். பிறகு செபிக்கிறார். நகரம் விழுந்து அப்போது நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. அந்த அழிவுக்குக் காரணமான பாவங்கள் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஆனாலும் ‘அவர்கள் செய்தார்கள்’ என்று சொல்லவில்லை. தன்னையும் தன் தந்தை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ‘நாங்கள்’ என்கிறார். இந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். அது என்னைப் பிடித்து நிறுத்தியது ஓர் ஆற்றங்கரை ஊரில்.

குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் அமெரிக்காவின் தென்பகுதியில் பங்குப் பணி செய்கிறார். விடுமுறைக்குப் போனபோது நாச்செஸ் என்ற ஊருக்கு என்னைக் கூட்டிப்போனார். கீழே மிசிசிப்பி ஆறு. செங்குத்தான மண்மேட்டின்மேல் ஊர். 1716-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டிய இடம். அங்கு வாழ்ந்த பழங்குடியினரை விரட்டிவிட்டு அவர்கள் பெயரை மட்டும் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் பருத்தியால் கொழித்தது. வெள்ளைத் தூண்கள் நிறுத்திய மாளிகைகள் இன்றும் தெருத்தெருவாக நிற்கின்றன. 1932 முதல் வசந்த காலத்தில் அவற்றைத் திறந்து காட்டுகிறார்கள். அந்த உலாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? திருப்பயணம்! வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற நமக்கு அந்தச் சொல்லை அங்கே கேட்டதும் கொஞ்சம் குமட்டியது. சொல்லிவிடுகிறேன், மாளிகைகள் அழகாகத்தான் இருக்கின்றன.

லாங்வுட் என்று ஒரு வீடு. எட்டுப் பக்கம் கொண்டது, உச்சியில் வெங்காயம் போன்ற கும்மட்டம். 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்கள் வேலையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் முடிந்தவை கீழ்த்தளத்து ஒன்பது மட்டும். மாடிக்கு ஏறினால் பூசாத செங்கல், மூடாத மரச்சட்டம், அன்று போட்டுவிட்டுப் போன கருவிகள். ‘பாவம், கட்டி முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை’ என்று எனக்கும் உச்சுக்கொட்டத் தோன்றியது. யாருக்காக உச்சுக்கொட்டுகிறேன் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து நண்பர் இன்னோர் இடத்துக்கு வண்டியைத் திருப்பினார். ஊரின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல். சாலைகள் பிரியும் ஒரு சாதாரண முக்கு. மாளிகையும் இல்லை, தூணும் இல்லை. புல்தரை, சில தகவல் பலகைகள், தரையில் சிமென்டில் பதித்த இரும்பு விலங்குகள். அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்சுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை அங்கேதான் இருந்தது. கடல் கடந்து அடிமைகளைக் கொண்டுவர 1808-ல் தடை வந்தபிறகு, வர்ஜீனியா, மேரிலாந்து பக்கமிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கோத்து நடத்தியே கொண்டுவந்தார்கள். அந்த முக்கில் ஏலம்கூடக் கிடையாது. புது உடுப்பு மாட்டி வரிசையாக நிற்கவைப்பார்கள். வாங்க வந்தவர் பார்த்துப் பார்த்துப் பேரம் பேசுவார். குனிந்து ஒரு விலங்கைத் தொட்டேன். வெயிலில் சுட்டது.

முதலில் இந்த வியாபாரம் ஊருக்குள் நடந்தது. 1833-ல் காலரா வந்தது. செத்துப்போன அடிமைகளை ஒரு வியாபாரி பள்ளத்தில் இரகசியமாகப் புதைத்தது தெரிந்து ஊரே கொதித்தது. அடிமை வியாபாரிகளை எல்லைக்கு வெளியே போகச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். எதற்காகக் கொதித்தார்கள் பாருங்கள்! விற்றதற்காக இல்லை, நோய் தங்களுக்கும் தொற்றிவிடுமே என்பதற்காக. சந்தை எல்லைக்கு வெளியே போனது. வாங்குகிறவர்கள் ஊருக்குள்ளிருந்தே போனார்கள். 1863-ல் வடக்குப் படைகள் ஊரைப் பிடிக்கும்வரை அது நடந்தது.

நம் திருச்சபை அப்போது என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நாச்செஸ் மறைமாவட்டத்தை 1837-ல் உருவாக்கியவர் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி. இரண்டே ஆண்டுகளில், 1839-ல், அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் எழுதியவரும் அவரேதான். அந்த மடல் கடல் கடந்த வணிகத்தைத்தான் சொல்கிறது, அமெரிக்காவில் வீட்டோடு இருக்கும் அடிமைமுறையை அல்ல என்று சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்க்லண்ட் நீண்ட விளக்கம் எழுதினார். படித்தவர், ஏழைகள்மேல் அன்பு கொண்டவர், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கியவர். நல்லவர்களும் இப்படித்தான் எழுதினார்கள். பாவத்துக்கு உரை எழுதுவதில் குருக்களாகிய எங்களுக்குத் தனித் திறமை உண்டு.

திரும்பும் வழியில் நண்பரிடம், “இவங்க எப்படித்தான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்தாங்களோ சாமி?” என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, “நம்ம வடக்கன்குளத்துல எப்படிப் போனாங்களோ, அப்படித்தான்” என்றார்.

அதற்குமேல் நான் பேசவில்லை. வடக்கன்குளம், புனித தேவசகாயம் 1745-ல் திருமுழுக்குப் பெற்ற ஊர். எல்லாச் சாதியாரோடும் கலந்து உண்டவர் அவர். அதே ஊரில் அடுத்த நூற்றாண்டில் ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபம் வைத்துக் கோவில் கட்டினோம், ஒரு சாதியின் நிழல் இன்னொன்றின்மேல் விழாதிருக்க. நடுவே இருந்த தடுப்பு இடிபட 1910 ஆனது. ‘கட்டினார்கள்’ என்று சொல்ல வாய் வருகிறது. நெகேமியா விடமாட்டேன் என்கிறார்.

இந்தப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் ஓடுகிறது. நான் இங்கு வந்த முதல் வாரத்தில் கேட்டேன். “அது தாத்தா காலத்துச் சுவர் சாமி, இப்ப அதெல்லாம் யார் பாக்குறா?” என்றீர்கள். யாரும் பார்ப்பதில்லை என்றால், போன மாதம் ஓர் அம்மாவின் பெட்டியைத் தெற்கு வாசல் வழியாக ஏன் அரை மைல் சுற்றிக் கொண்டுபோனோம்? நானும் ஒன்றும் சொல்லாமல் தூபக்கலசத்தோடு முன்னால் நடந்தேன். இன்று உங்களுக்குமுன் நான் அறிக்கையிட வேண்டியது இது.

சக்கேயு இயேசுவின்முன் வெறுமனே அழவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னார், நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று. இன்னும் சிறிது நேரத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளில் குருக்கள் உட்காருவார்கள். உங்கள் சொந்தப் பாவங்களோடு அந்தச் சுவரையும் கொண்டுவாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும். மாலை ஐந்து மணி. எல்லோரும் வடக்கு வாசல் வழியாகத்தான் நுழைகிறோம். கடப்பாரை இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள்.