திங்கட்கிழமை நெற்றி

2011 மே மாதம் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலிய ஃபேஷன் வாரத்தில் லிசா புளூ என்ற நிறுவனம் லட்சுமியின் உருவம் அச்சிட்ட நீச்சலுடை ஒன்றை மேடையேற்றியது. இந்தியாவில் போராட்டம் வெடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்த உடையைத் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே லட்சுமியைத்தான் தீபாவளிக்குத் தீபாவளி சிவகாசி வெடியின் மேல் ஒட்டி, திரி கிள்ளி, துகள்துகளாகச் சிதறவிட்டு, மறுநாள் காலையில் குப்பையோடு கூட்டித் தள்ளுகிறோம். நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. புனிதம் துணியில் இருக்கிறதா, அதன் மேலுள்ள சின்னத்தில் இருக்கிறதா, அணிந்தவரிடமா, பார்ப்பவரிடமா என்று நாம் சரியாக யோசித்ததில்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி அன்றாடம் வருகிறது. ஜீன்ஸுக்கு மேல் குர்தா, கோட்டோடு ஜிமிக்கி, அம்மாவின் பழைய காஞ்சிபுரத்தை வெட்டித் தைத்த ஜாக்கெட், அலுவலக அடையாள அட்டையின் பட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை உருத்திராக்கம். இப்படிக் கலந்து உடுத்துவது மரபை நீர்க்கச் செய்யும் என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது.

சைவத்தில் வேடம் சின்ன விஷயமில்லை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே தொழச் சொல்கிறது. பெரியபுராணம் இதைக் கதையாக்கி, கடைசி எல்லைவரை இழுத்துப் பார்க்கிறது. திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு வந்த முத்தநாதன், மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். சாகும் தறுவாயிலும் அவர் பகைவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது சேரமான் பெருமாள் கதை. முடிசூடி யானைமேல் உலா வரும் அரசன், உவர்மண் காய்ந்து உடம்பெல்லாம் வெளுத்திருந்த ஒரு வண்ணானைப் பார்க்கிறான். அது நீறு பூசிய கோலமாகத் தோன்ற, இறங்கி வணங்குகிறான். வண்ணான் பயந்துபோய்த் தான் யாரென்று சொல்லியும் அரசன் தன் வணக்கத்தைத் திரும்பப் பெறவில்லை. துணி வெளுக்கிறவனின் உடம்பில் தற்செயலாக ஒட்டிய மண் போதும்; உடை எந்தத் தினுசு என்று கவி கேட்கவில்லை. வேடத்தின் உயிர் நீறும் உருத்திராக்கமும். தையலும் மடிப்பும் அதில் சேர்த்தி இல்லை.

மரபுடை என்று நாம் தூக்கிப் பிடிப்பதும் அவ்வளவு பழையதல்ல. சேலைக்கு இன்று இன்றியமையாததாகிவிட்ட தைத்த ரவிக்கையும் உள்பாவாடையும் பரவலானது ஆங்கிலேயர் காலத்தில்தான். அந்த மரபு எல்லாருக்கும் பொதுவாக இருந்ததும் இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாகப் போராடினார்கள். கிறிஸ்தவர்களான பெண்களுக்கு முதலில் அனுமதி கிடைத்தது குப்பாயம் என்ற தைத்த சட்டைக்கு. 1859இல் வந்த அரசாணைகூட உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்த நிபந்தனையை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு 'தூய மரபுடை' என்ற சொல் கொஞ்சம் தொண்டையில் சிக்கும். கோயில்களிலேயே ஒரே விதி கிடையாது. நல்லூர்க் கந்தனை ஆண்கள் சட்டையோடு தரிசிக்க முடியாது. மதுரை மீனாட்சியைத் தரிசிக்கலாம். ஜீன்ஸ், லெக்கிங்ஸ் அணிந்து கோயிலுக்கு வரக் கூடாதென்று 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் இட்ட உத்தரவை மேல்முறையீட்டில் நிறுத்திவைத்தார்கள்.

இப்போது சிட்னிக்கு வருவோம். சைவ மன்றம் நடத்தும் மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ, ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலிலோ ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்: பட்டு, வேட்டி, மல்லிகை, பளிச்சென்ற நீறு. திங்கட்கிழமை காலை வெஸ்ட்மீட் ரயில் மேடையில் அதே முகங்கள், அதே நெற்றிகள், எல்லாம் துடைத்து வெறுமையாக. முழுக் கோலம் அல்லது ஒன்றுமில்லை என்று பழக்கிவிட்டால், வருஷத்தின் பெரும்பான்மை நாள் 'ஒன்றுமில்லை'தான் ஜெயிக்கும். ஆறு கஜப் பட்டோடு மெல்பர்ன் குளிர்காலத்தில் டிராம் பிடிக்க எத்தனை பேரால் முடியும்? தூய்மை கேட்கிறவர்கள் தெரியாமலே சமயத்தை வார இறுதிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். கம்பளிக் கோட்டுக்கு மேலே ஒரு மெல்லிய நீற்றுக் கீற்றோ குங்குமமோ வைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் உட்காருகிற பெண், அந்தப் பன்னிரண்டாம் சூத்திரத்துக்கு அவர்களைவிட நெருக்கமாக இருக்கிறாள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது நம் வீட்டிலிருந்தே வருகிறது: புறக்கோலமே வேண்டாம் என்பது. உலகம் பழிக்கும் செயலை விட்டுவிட்டால் தலையை மழித்தலும் வேண்டாம், சடை வளர்த்தலும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். சித்தர்கள் இன்னும் காரமாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சாடியது ஒழுக்கத்துக்குப் பதிலாகக் கோலத்தை விற்பதை. வேடத்தை மதிப்பதால் பிழைப்பு நடக்கிற ஊரில் சொன்ன சொல் அது. சின்னம் வைத்தால் லாபமில்லை, சங்கடம்தான் என்ற ஊரில் போலி வேடத்துக்குச் சந்தை ஏது?

இரண்டாவது மறுப்பு கனமானது: பாதி வேடம் மெல்ல வெறும் அலங்காரமாகிவிடும், இசைத் திருவிழாவில் பொட்டு ஒட்டிக்கொள்கிறவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது என்பது. இந்த ஆபத்து உண்மை. ஆனால் அதன் காரணம் கலப்பல்ல, கடப்பாடு இல்லாமை. மெல்பர்னுக்கு அருகே மெல்டனில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி, பட்கா என்ற தலைத்துணி கட்டிய சீக்கியச் சிறுவனைச் சீருடை விதியைக் காட்டிச் சேர்க்க மறுத்தது. அது பாகுபாடு என்று 2017இல் விக்டோரியாவின் நிர்வாகத் தீர்ப்பாயம் சொன்னது. பள்ளியின் நிறத்திலேயே பட்கா கட்ட விட்டிருக்கலாம் என்றது. கீழே பள்ளிச் சீருடை, மேலே பட்கா, அதுவும் பள்ளியின் நிறத்தில்: இதைவிடக் கலப்பான உடை கிடையாது. ஆனால் அதை யாரும் அலங்காரம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது விட முடியாத ஒன்று, வழக்காடவும் துணிந்தார்கள். சின்னத்துக்காக எதையும் இழக்கத் தயாராக இல்லாதவர் முழுப் பட்டில் நின்றாலும் அலங்காரத்தில்தான் நிற்கிறார். நீச்சலுடை லட்சுமியிடம் இருந்த குறையும் இதுதான். அணிபவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. நம் வெடி லட்சுமியும் கேட்பதில்லை.

இந்த விவாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை ஆண்கள் போட்டார்கள். கலப்பு உடை பற்றிய பேச்செல்லாம் பெண்களின் கைநீளம், கழுத்து, துப்பட்டா என்றே சுற்றுகிறது. வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறியபோது ஆணிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவன் நெற்றி வெறுமையாக இருப்பது தொழில் ஒழுங்காம், அவள் நெற்றி வெறுமையாக இருந்தால் பண்பாட்டு இழப்பாம். பெரியபுராணத்தில் நீற்றுக்காக உயிர்விட்ட மெய்ப்பொருளும் ஏனாதிநாதரும் ஆண்கள். ஒருவர் அரசர், மற்றவர் வாள் பயிற்றிய ஆசான். மரபு கரைகிறதென்று கவலைப்படுகிற அப்பா, மகளின் ஜீன்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன், திங்கட்கிழமை டை கட்டிய பிறகு நீற்றைத் துடைக்காமல் ரயில் ஏறிப் பார்க்கலாம்.