இரண்டாவதாக எழுகிறவர்

உண்மையைச் சொன்னால் நமக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காதவர் யாருமில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்ற கணக்கைத்தான் போட மறந்துவிடுகிறோம். சீனத் தளபதி பெங் தெஹுவாயின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டாவது கணக்கு என்னை அலைக்கழிக்கிறது.

1898இல் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாவோவுக்கும் அதே வட்டாரம்தான். சிறுவயதில் பசிக்குப் பிச்சையெடுத்தவர், பின்னாளில் கொரியப் போரில் சீனப் படைகளை நடத்தினார். 1954இல் பாதுகாப்பு அமைச்சரானார்.

எஃகையும் விளைச்சலையும் வேகமாகப் பெருக்க மாவோ கொண்டுவந்த 'பெரும் பாய்ச்சல்' திட்டம் தொடங்கிய 1958இன் கடைசியில் பெங் ஹூனானுக்குப் போனார். ஊர் ஊராக எஃகு உலைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்களெல்லாம் உலைக்குப் போய்விட, விளைந்த பயிர் அறுக்க ஆளின்றி வயலிலேயே கிடந்தது. ஏட்டில் மட்டும் விளைச்சல் ஏறிக்கொண்டே போனது. பசியை அனுபவித்தவருக்கு அடுத்து என்ன வரும் என்று புரிந்துவிட்டது.

1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். 13ஆம் தேதி காலை மாவோவிடம் நேரில் பேசப் போனார் பெங். மாவோ அப்போதுதான் உறங்கப் போயிருந்தார். திரும்பி வந்து கடிதமாக எழுதி, மறுநாள் கொடுத்தனுப்பினார். சாதனைகளை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு குறைகளைத் தொட்ட பணிவான கடிதம். மாவோ அதை எல்லோருக்கும் விநியோகிக்கச் செய்து, 23ஆம் தேதி கடுமையாகத் தாக்கிப் பேசினார். பெங்குக்கு ஆதரவாகப் பேசிய ஜாங் வென்டியன் உள்ளிட்ட சிலரும் அவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் தலைவர் பக்கம் சாய்ந்தார்கள்.

பெங்கைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. முந்தைய ஆண்டுதான் லியு போச்செங், சூ யூ போன்ற மூத்த தளபதிகளுக்கு எதிரான கண்டன இயக்கத்தில் அவர் முன்னின்றார். குறையே இல்லாதவர் வந்து பேசட்டும் என்று காத்திருந்தால் எந்த உண்மையும் வெளியே வராது.

லூஷானுக்குப் பிறகு பெங்கின் பதவி போனது. 1966 இறுதியில், கலாச்சாரப் புரட்சியின்போது, மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் அவரைப் பிடித்துப் போனார்கள். அடியும் சிறையும் நோயுமாக 1974 நவம்பரில் இறந்தார். உடலை வேறு பெயரில் எரித்தார்கள். 1978இல்தான் கட்சி அவர் மீதான பழியை நீக்கியது.

ஆனால் லூஷானுக்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அதன்பின் மாற்றுக் கருத்துச் சொன்னவர்களை 'வலதுசாரி' என்று முத்திரை குத்தும் வேட்டை தொடங்கியது. பயந்துபோன அதிகாரிகள் விளைச்சலை இன்னும் கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி கிராமங்களிலிருந்து தானியம் அள்ளப்பட்டது. 1961 வரை நீடித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை.

முதலில் பேசுகிறவரின் துணிச்சலைத்தான் வரலாறு போற்றுகிறது. எனக்கோ, அவர் பேசி முடித்ததும் அருகில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே பெரிதாகப் படுகிறது. முதல் ஆளைத் தனியாக ஒழித்துவிடலாம். இரண்டாவதாக ஒருவர், மூன்றாவதாக ஒருவர் என்று எழுந்துகொண்டே இருந்தால் எந்தத் தலைவரும் ஒரு கணம் யோசித்தே தீர வேண்டும். முதலில் எழும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவதாக எழுவது நம் ஒவ்வொருவருக்கும் உள்ள கடமை.