கொல்லும் தொலைவு

வேட்டையாடக் கற்றுக்கொள்ள முனையும் ஒருவர் முதன்முதலாக ஒரு துப்பாக்கியைத் தெரிவு செய்யும்போது, எந்த அளவுத் தோட்டா, எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் ஸ்கோப், என்ன விலை என்ற கேள்விகளையே பெரும்பாலும் எழுப்புகிறார். தன் கையால் இறக்கவிருக்கும் உயிருக்கு அவர் எதைக் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வி அவற்றின் அடியில் தொடப்படாமலே கிடக்கிறது. தமிழில் ‘கடன்’ என்ற சொல் ஆற்ற வேண்டிய கடமையையும் திருப்பித் தர வேண்டிய பொருளையும் ஒருசேரக் குறிப்பது இவ்விடத்தில் பெரிதும் பொருந்துகிறது. கருவியைப் பற்றி எடுக்கப்படும் முடிவு ஒவ்வொன்றும் அந்தக் கடனைப் பற்றிய முடிவாகவும் அமைந்துவிடுவதால், கடைக்காரரிடம் கேட்கப்படும் எளிய கேள்விகளும் அறக்கேள்விகளே ஆகின்றன.

இதை ஆராய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் தக்க களமாகும். அங்கு நவம்பரில், நன்றியறிதல் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள், வெள்ளைவால் மானைத் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவம் நடைபெறுகிறது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்த பிறகே உரிமம் பெற இயலும். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1933 முதல் வேட்டைவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், ஓநாய்கள் அழிக்கப்பட்ட மலைகளில் மான்கள் பெருகிச் செடிகளையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்த்து, இறுதியில் தாமும் பட்டினியால் மடிவதை விளக்கி எழுதியவர். மண்ணையும் நீரையும் விலங்கையும் அறத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த சிந்தனையாளராகப் போற்றப்படும் அவர் வேட்டையைக் கைவிடாதவராகவும் இருந்தார் என்பதை, அவரைப் போற்றுவோர் விரைந்து கடந்துவிடக் கூடாது.

தமிழ் வாசகருக்கு, கொல்லப்படும் உயிருக்குப் பட்ட கடன் எது என்ற கேள்வியே பிழையானதாகத் தோன்றலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருக்குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரத்தையும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரத்தையும் வகுத்துவிட்டது. கொல்வதே தீது எனில் செவ்வனே கொல்வது எவ்வாறு என்ற ஆராய்ச்சிக்கு இடமேது என்று கேட்பவரின் கேள்வி வலிமையானது. அதற்கு முழுமையான மறுமொழி இருப்பதாக இக்கட்டுரை கருதவில்லை. எனினும், தின்பவர் இல்லையேல் விற்பவர் இல்லை என்று குறளே பொறுப்பை உண்பவரின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. இறைச்சிக் கடையில் எடைபோட்டு வாங்குபவர், கொலையைத் தம் கண்ணுக்கு அப்பால் இன்னொருவரிடம் ஒப்படைத்தவரேயன்றி அதிலிருந்து நீங்கியவர் அல்லர். உணவுக்காகத் தாமே வேட்டையாடுபவர் அத்தொலைவைக் குறைத்துக்கொள்கிறார். இதுவே வேட்டைக்குச் சார்பாகச் சொல்லத்தக்க நேர்மையான வாதம். ஆனால் அவ்வாதம் நிற்க வேண்டுமானால், குறைத்துக்கொண்ட தொலைவைக் கருவியின் துணையால் மீண்டும் நீட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கொலையை முற்றாக விலக்காத சமய மரபுகள் அதைச் செய்யும் முறையில் மிகுந்த கவனம் செலுத்தின. கொல்லும்போதும் நன்முறையில் கொல்லுமாறும், கத்தியைத் தீட்டிக்கொண்டு விலங்கின் துன்பத்தைக் குறைக்குமாறும் நபிகள் நாயகம் கட்டளையிட்டதாக முஸ்லிம்கள் ஏற்கும் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது; கத்தி தீட்டுதல் கருவியைப் பேணும் வேலையாக மட்டும் நின்றுவிடாமல் வழிபாட்டுணர்வுடன் செய்யப்பட வேண்டிய கடமையாக அங்கே உயர்ந்துவிடுகிறது. வேட்டையில் எய்யப்படும் கருவி கூர்முனையால் துளைத்தால் அவ்விறைச்சியை உண்ணலாம், அகலப்பக்கத்தால் மோதி அடித்துக் கொன்றால் உண்ணலாகாது என்ற விதியின் அடிப்படையில், பிற்காலச் சட்ட அறிஞர்கள் ஈயக்குண்டு துளைக்கிறதா மோதுகிறதா என்று நெடிது விவாதித்தார்கள். யூத மரபில் 18-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரின் ரபியாக விளங்கிய எசேக்கியேல் லண்டாவிடம், காடுகளுக்கு உரிமையாளரான ஒரு செல்வர் துப்பாக்கியால் வேட்டையாடலாமா என்று வினவப்பட்டபோது, விலங்கை வதைப்பதற்கு எதிரான விதி நேராக இதைத் தடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அவர், வாழ்வுக்குத் தேவையின்றி இன்பத்துக்காக உயிர்களைத் தேடிச் சென்று கொல்வது கொடுந்தன்மையை வளர்ப்பது என்று கண்டித்தார். மறைநூலில் வேட்டையாடுவோராக நிம்ரோதும் ஏசாவுமே காட்டப்படுகிறார்கள் என்பதையும் நினைவூட்டினார். இவ்விரு மரபுகளையும் சேர்த்து நோக்கினால், விலங்கு படும் துன்பம், கொல்பவரின் உள்ளத்தில் நேரும் மாற்றம் என இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதல் துப்பாக்கியைத் தெரிவு செய்பவருக்கு இவ்விரண்டும் தேவைப்படும்.

தொடக்கநிலையினருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது போல்ட் ஆக்‌ஷன் வகைத் துப்பாக்கி. தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உருளையைக் கைப்பிடியால் மேலே தூக்கி, பின்னே இழுத்து, வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியேற்றி, மீண்டும் முன்னே தள்ளிக் கீழே அழுத்தினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். உறுதி, எளிமை, துல்லியம் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுவர், அவை மெய்யே. அவற்றினும் மேலான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையே ஒரு கைவேலை நுழைவதால், ஒவ்வொரு சுடுதலும் தனியே எடுக்கப்பட்ட முடிவாகிறது. முதல் குண்டைக் கவனத்துடன் செலுத்தும் பழக்கத்தை இக்கருவியே கற்பிக்கிறது. இதன் பிறப்பு போர்க்களத்தில் நிகழ்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்றைய பல வேட்டைத் துப்பாக்கிகளின் பொறியமைப்பு 1898-இல் ஜெர்மானியப் படை ஏற்ற மவுசர் துப்பாக்கியின் வழிவந்தது, புகழ்பெற்ற .30-06 தோட்டா 1906-இல் அமெரிக்கப் படைக்காக உருவானது. பகைவரை நோக்கிச் செய்யப்பட்ட கருவி, யாருக்கும் பகையல்லாத ஒரு மானை நோக்கித் திருப்பப்படும்போது, போரில் மன்னிக்கப்பட்ட பல செயல்களுக்கு இங்கே மன்னிப்பு இல்லை. காயம்பட்ட பகைவர் போரிலிருந்து விலகினாலே படைக்குப் போதும். காயத்துடன் தப்பிய மானோ எந்த நோக்கத்துக்கும் பயன்படாத துன்பத்தைச் சுமந்து செல்கிறது.

தோட்டாவின் தெரிவில்தான் தற்பெருமை முதலில் தலைகாட்டுகிறது. பெரிய தோட்டா விலங்கை நிச்சயமாக வீழ்த்தும் என்று நம்பி, மேக்னம் எனப்படும் கூடுதல் வெடிமருந்து கொண்ட வகையை நாடுவோர் பலர். சுடும்போது துப்பாக்கி தோளை நோக்கிப் பின்னால் தள்ளும் உந்துதலைப் பின்னுதைப்பு என்பர். எடை ஒத்த துப்பாக்கிகளில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் பின்னுதைப்பு .243 வின்செஸ்டரினுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேலாகும். அந்த அடிக்கு அஞ்சும் உடல், விசையை இழுக்கும் கணத்திலேயே தன்னையறியாமல் கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்கிறது. குழல் சிறிது விலகினாலும், நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படுகிறது. வயிற்றில் குண்டு தாங்கிய மான் உடனே விழாமல் பல மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே .243, 6.5 கிரீட்மூர், .308 போன்ற மிதமான தோட்டாக்களில் ஒன்றைத் தேர்ந்து, மிச்சமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிடுவது, தன் உடலின் அச்சத்தை ஒருவர் மெய்யாக ஒப்புக்கொள்வதாகும். அவ்வாறு ஒப்புக்கொள்வதால் மானின் துன்பம் நேரடியாகக் குறைகிறது என்பதால், இது அடக்கம் என்ற அறத்தின் மிகத் தூய வடிவங்களில் ஒன்று எனலாம்.

மறுபுறம், அடக்கம் என்ற பெயரில் வலுவற்ற தோட்டாவை எடுப்பதும் தவறே. ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் இதைத் தனிமனிதரின் மனச்சான்றுக்கு விட்டுவிடவில்லை: ரோ மான் என்ற சிறுமானைச் சுட, 100 மீட்டர் தொலைவில் குண்டுக்குக் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும், ஏனைய குளம்புள்ள பெருவிலங்குகளுக்குக் குண்டின் விட்டம் குறைந்தது 6.5 மில்லிமீட்டரும் அதே தொலைவில் ஆற்றல் 2,000 ஜூலும் இருக்க வேண்டும். எழுத்து, வாய்மொழி, சுடுதல் ஆகிய தேர்வுகளைக் கடந்தவருக்கே அங்கு உரிமம். வீழ்ந்த மானின் வாயில் ஒரு சிறு பசுங்கொப்பை ‘கடைசிக் கவளம்’ என வைக்கும் வழக்கமும், காயம்பட்டதைப் பயிற்றப்பட்ட நாயைக் கொண்டு தேடிக் கண்டடைய வேண்டிய கடமையும் ஒரே பண்பாட்டைச் சேர்ந்தவை. முதலாவது வெறும் சடங்காகத் தேய்ந்துவிடாமல் காப்பது இரண்டாவதுதான்.

ஸ்கோப் எனப்படுவது துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் சிறு தொலைநோக்கி. அதனுள் தெரியும் குறுக்குக்கோடுகளை இலக்கின்மேல் நிறுத்திச் சுடுவர். மும்மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றிக்கொள்ளக்கூடியதும் முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ளதுமான ஸ்கோப் தொடக்கநிலையினருக்கு நெடுநாளாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்பரப்பு சுருங்கும். 100 கஜத் தொலைவில் மும்மடங்குப் பெருக்கத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலம் தெரியும். ஒன்பது மடங்கில் அதில் மூன்றிலொரு பங்கே தெரியும். மானுக்குப் பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, மனிதர் எவரேனும் நடமாடுகிறாரா என்பதை அகன்ற பார்வையே காட்டும். கையின் நடுக்கத்தையும் பெருக்கம் அதே அளவு பெரிதாக்கிக் காட்டுகிறது. பின்னுதைப்பில் புருவம் கிழியாதிருக்கக் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 9 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. துப்பாக்கியுடன் ஸ்கோப்பை இணைக்கும் வளையங்கள் தளர்ந்தால் மற்ற எல்லாம் வீணாகும். குண்டு படும் இடமும் குறுக்குக்கோடு நிற்கும் இடமும் ஒன்றாகும்வரை தாள் இலக்கில் சுட்டுச் சரிசெய்யும் பணியைத் தொடக்கநிலையினர் சலிப்பூட்டும் முன்வேலையாகக் கருதுவதுண்டு. கத்தியைத் தீட்டச் சொன்ன கட்டளைக்கு இன்றைய வடிவம் இப்பணியே.

எந்தக் கருவியும் இதுவரை தராத ஒன்றை ஸ்கோப் தருகிறது: விலங்கை நெருங்காமலே நெருங்கியதைப் போன்ற தோற்றம். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. 100 கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டுகளைப் பதிக்கும் ஆற்றல் இன்றைய விலைகுறைந்த துப்பாக்கிகள் பலவற்றுக்கும் உண்டு. எனவே எல்லை கருவியினுடையது அன்று. மூச்சிரைக்கும் நெஞ்சோடு, குளிரில் மரத்த விரலோடு, சாய்ந்துகொள்ள மேசையில்லாமல் நிற்கும் மனிதருடையது. .308 குண்டு 500 கஜத்தைக் கடக்க அரை நொடிக்கும் மேலாகிறது. அதற்குள் மான் ஓரடி எடுத்து வைக்கலாம், காற்று திசை மாறலாம். ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிகிறது என்பதாலேயே சுடலாம் என்று எண்ணுபவர், காண்பதற்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இழந்துவிடுகிறார்.

ஸ்பானிய மெய்யியலாளர் ஓர்த்தேகா இ காசெத், 1940-களில் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில், கருவிகள் வலுப்பெறும்தோறும் மனிதர் தமக்குத் தாமே தடைகளை விதித்துக்கொண்டதையும், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இல்லாவிட்டால் வேட்டை வேட்டையாகவே இராது என்பதையும் எடுத்துக்காட்டினார். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் கழகமும் இவ்வழியே சிந்தித்து, எவ்வளவு தொலைவிலிருந்து உயிருள்ள இலக்கைச் சுட முடியும் என்று கருவியைச் சோதிக்கும் நோக்கமிருப்பின் அது வேட்டை ஆகாது என்றது. கெடுதல் மீட்டர் கணக்கில் இல்லை, நோக்கத்தில் உள்ளது என்பது அதன் கருத்து. இக்கருத்து ஏற்கத்தக்கதே எனினும், ஓர்த்தேகாவின் வாதத்தில் ஒரு குறை உண்டு. விலங்குக்கு வாய்ப்புத் தருவது வேட்டைக்காரரின் சிறப்புக்கு உதவுகிறதேயன்றி, பாதி வாய்ப்புப் பெற்றுக் காயத்துடன் ஓடிய விலங்குக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. சுடும்வரை தப்பும் வாய்ப்பு முழுதாக இருக்க வேண்டும். சுட்டபின் அறவே இருக்கக் கூடாது. நெருங்கிச் செல்வதில் மட்டுமே இவ்விரண்டும் சேர்ந்து வாய்க்கின்றன: நெருங்குபவரை மான் முகர்ந்தும் கேட்டும் ஓடிவிடலாம், நெருங்கியவரின் குண்டோ பிழைப்பது அரிது.

கடன் மானோடும் முடிவதில்லை. ஈயக்குண்டு உடலுள் நுழைந்ததும் நுண்துகள்களாகச் சிதறுவதால், காட்டில் விட்டுச்செல்லப்படும் குடலை உண்ணும் கழுகுகளும் பிணந்தின்னிகளும் ஈயநஞ்சுக்கு ஆளாகின்றன. அழிவின் விளிம்பிலிருந்த கலிபோர்னியக் காண்டோர் பறவைகளின் சாவுக்கு இது முதன்மையான காரணமாகக் காணப்பட்டதால், கலிபோர்னிய மாநிலம் வேட்டையில் ஈயக்குண்டுகளை 2019 ஜூலை 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. செம்புக்குண்டு விலை கூடியது. தடையில்லாத மாநிலத்திலும் அதை வாங்குபவர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு பறவைக்குரிய கடனைச் செலுத்துகிறார்.

வேட்டைக்காரரின் செயலைப் பாராட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் கூட்டம் இல்லை என்பதை லியோபோல்ட் வலியுறுத்தினார். அவர் இளம் வனத்துறை அலுவலராக அரிசோனாவில் பணியாற்றியபோது, உயர்ந்த பாறை விளிம்பில் உடனிருந்தவர்களோடு உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், கீழே ஆற்றைக் கடந்துவந்த தாய் ஓநாயையும் வளர்ந்த குட்டிகளையும் கண்டு எல்லோரும் சுடத் தொடங்கினர். துல்லியத்தைவிடப் பரபரப்பே மிகுந்திருந்ததாகவும், செங்குத்தான சரிவில் கீழ்நோக்கிக் குறிபார்ப்பது கடினமாக இருந்ததாகவும் அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். தோட்டாக்கள் தீர்ந்தபின் இறங்கிச் சென்று, தாய் ஓநாயின் கண்களில் அணைந்துகொண்டிருந்த பசிய ஒளியைக் கண்டதே அவர் சிந்தனையின் திருப்பமாயிற்று. அந்த ஒளியை அவர் பாறை விளிம்பிலிருந்து காணவில்லை. கீழே நடந்து சென்ற பிறகே கண்டார். தோட்டாக்கள் தீர்ந்த அதே வேளையில் குட்டி ஒன்று அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு, எவரும் பின்தொடர முடியாத பாறைச் சிதறல்களுக்குள் மறைந்தது. அதன் கதி என்னவாயிற்று என்று அக்கட்டுரையில் மேற்கொண்டு ஒரு சொல்லும் இல்லை.