பணிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு

மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த சாக்ரடீஸைத் தப்பி ஓடிவிடும்படி நண்பர் கிரிட்டோ மன்றாடுகிறார். பிளேட்டோ எழுதிய அந்த உரையாடலில், ஏதென்ஸ் நகரத்தின் சட்டங்களே எழுந்து வந்து பேசுவதுபோல ஓரிடம் வரும். எங்கள் கட்டளை தவறு என்று பட்டால் எடுத்துச் சொல்லி எங்கள் மனத்தை மாற்று, அது முடியாவிட்டால் கட்டளைக்குப் பணி என்று அவை வாதிடுகின்றன. சாக்ரடீஸ் பணிந்தார், நஞ்சைக் குடித்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஊருக்குச் சொல்ல விரும்புகிறவர்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அதே மனிதர் சில வாரங்களுக்கு முன்பு நீதிமன்றத்தில், இனிமேல் தெருவில் நின்று கேள்வி கேட்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் விடுதலை கொடுத்தால் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். தண்டனைக்குத் தலைவணங்கியவர் வாய்ப்பூட்டுக்கு ஏன் இணங்கவில்லை? இரண்டும் ஒரே கொள்கையிலிருந்து வருபவை என்றுதான் நான் வாசிக்கிறேன். எடுத்துச் சொல்லும் வழி திறந்திருக்கும்வரைதான் பணியச் சொல்லும் உரிமை சட்டத்துக்கு உண்டு. முதல் பாதியைப் பறித்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் கேட்கிற அரசு, அச்சத்தைக் கேட்கிறது. கடமையைக் கேட்கும் தகுதியை அது தானே கைவிட்டுவிட்டது.

பழைய ஏதென்ஸோடு முடிந்துபோன வழக்கில்லை இது. 2021 மார்ச் மாதம், காவலர் ஒருவரால் கடத்திக் கொல்லப்பட்ட இளம்பெண்ணுக்கு அஞ்சலி செலுத்த லண்டன் கிளாப்பம் பூங்காவில் பெண்கள் கூடினார்கள். கொரோனா விதிகளைக் காட்டிக் காவல்துறை அவர்களில் சிலரைத் தரையில் அழுத்திக் கைவிலங்கிட்டது. அந்த வாரமே, போராட்டங்களின் மீது காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. ‘கில் தி பில்’ (மசோதாவை ஒழி) என்ற முழக்கத்தோடு நகரம் நகரமாக ஊர்வலங்கள் கிளம்பின. ஆனாலும் 2022 ஏப்ரலில் மசோதா சட்டமானது. அதன்படி, சத்தம் அதிகம் என்ற காரணத்துக்காகவே காவல்துறை ஒரு போராட்டத்துக்கு நிபந்தனை விதிக்கலாம். ஒற்றை ஆள் நிற்கும் போராட்டத்துக்கும் விதிக்கலாம். பொதுத்தொல்லை என்ற பழைய குற்றம் எழுத்துச் சட்டமாகி, பத்தாண்டு வரை சிறை என்றானது. அடுத்த ஆண்டு வந்த பொது ஒழுங்குச் சட்டம், உடலை ஒன்றோடு பூட்டிக்கொள்வதையும் அதற்கான கருவியை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. அது நடைமுறைக்கு வந்த சில நாட்களிலேயே மன்னர் சார்ல்ஸின் முடிசூட்டு விழா. முடியாட்சி வேண்டாம் என்போர் வண்டியிலிருந்து பதாகைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவற்றைக் கட்டியிருந்த பட்டைகளைப் பூட்டும் கருவி என்று சொல்லி ஆறு பேரைக் கைது செய்தார்கள். அவர்களின் தலைவர் பதினாறு மணி நேரம் காவலில் இருந்தார். வழக்கு ஏதும் தொடரப்படவில்லை. காவல்துறை பிறகு வருத்தம் தெரிவித்தது. ஆனால் விழா முடிந்துவிட்டது, அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நீதி கேட்டு வருகிறவருக்காக அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணியைத் தொங்கவிட்ட அரசனைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். மணி இருக்கட்டும், காதில் விழும்படி மட்டும் யாரும் அடிக்கக் கூடாது என்று அந்த அரசன் ஆணையிட்டிருந்தால் அந்த மணியால் பயன் என்ன?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை முன்பே கூர்மையாக எழுப்பியவர்கள் ஒரு சிறு சமயக் குழுவினர். நண்பர்கள் சங்கம் என்று தங்களை அழைத்துக்கொண்ட குவேக்கர்களுக்குக் குருமார் இல்லை, சடங்கு இல்லை. கூடி அமர்ந்து மௌனமாகக் காத்திருப்பார்கள். உள்ளே ஒளி உணர்த்தினால் ஆணோ பெண்ணோ, வேலைக்காரரோ, யாராக இருந்தாலும் எழுந்து பேசலாம். 1664இல் வந்த சட்டம், அரசின் திருச்சபைக்கு வெளியே, வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ வழிபாட்டுக்குக் கூடுவதைக் குற்றமாக்கியது. மற்றப் பிரிவினர் பலர் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகக் கூடினார்கள். குவேக்கர்களோ வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், எல்லோரும் பார்க்கத்தான் கூடினார்கள். 1670 ஆகஸ்டில் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களின் கூடத்தைப் படைவீரர்கள் அடைத்துவிட, குவேக்கரான வில்லியம் பென் தெருவிலேயே நின்று பேசினார். கலவரக் கூட்டம் கூட்டினார்கள் என்று அவர்மீதும் உடனிருந்த வில்லியம் மீட் மீதும் வழக்கு. எந்தச் சட்டத்தின்படி என் மீது குற்றம் சாட்டுகிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று பென் திரும்பத் திரும்பக் கேட்டார்; காட்டவில்லை. ஜூரியினர் முதலில் கொடுத்த தீர்ப்பு விசித்திரமானது: கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம் செய்தார் என்றார்கள், அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க மறுத்தார்கள். உணவு, தண்ணீர், நெருப்பு எதுவும் இல்லாமல் இரண்டு இரவு பூட்டி வைத்தும் அவர்கள் இறங்கிவரவில்லை. முடிவில் குற்றவாளி இல்லை என்றார்கள். அதற்காக ஜூரிகளுக்கே அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்துச் சிறை சென்ற ஜூரி எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாகன் அறிவித்தார்.

குவேக்கர்கள் தங்கள் கொள்கைதான் உண்மை என்பதற்காக மட்டும் இத்தனை அடியையும் சிறையையும் தாங்கவில்லை. கடவுளின் குரல் யார் மூலமாகவும் வரலாம் என்று நம்புகிறவர், எந்த வாயையும் முன்கூட்டியே அடைக்கச் சம்மதிக்க முடியாது. நாளை வரப்போகும் சொல்லை இன்றே தடுப்பவர், அந்தச் சொல்லைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று சொல்கிறார். இறைநம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த வாதத்தில் ஒன்று மிஞ்சும். ஆட்சி தவறக்கூடும், தவறியதை முதலில் உணர்பவர் பெரும்பாலும் அடிபட்டவர்தான், ஆள்பவர் இல்லை. ஆகவே இடித்துரைப்பவருக்கு எந்த அளவு உரிமை தேவையோ, அதே அளவு அரசுக்கும் அவர் தேவை. போராட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்துப் போராடுகிறவர் சட்டத்தின் எதிரி என்று சொல்வது இதனால்தான் பொருந்தவில்லை. நாளைக்கு மனமொப்பிச் சட்டத்துக்குப் பணிய நமக்குக் காரணம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் அவர் நிற்கிறார்.

இதே நியாயம் போராடுகிறவரையும் கட்டுகிறது. பிரிஸ்டல் நகரத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1682இல் அந்த ஊர்க் குவேக்கர்களில் பெரியவர்களைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகவே வந்து கூட்டத்தை நடத்தினார்கள். அடிபட்டும் மறுவாரம் வந்தார்கள். 2021 மார்ச் 21 அன்று அதே ஊரில் புதிய மசோதாவுக்கு எதிராக அமைதியாகத் தொடங்கிய ஊர்வலம், மாலையில் காவல் நிலையத்தின் முன் மோதலாகி, காவல் வண்டிகள் எரிந்தன, காவலர்கள் காயப்பட்டார்கள், பின்னர் பலர் கலவரக் குற்றத்துக்காக நீண்ட சிறை சென்றார்கள். அன்று காவல்துறை நடந்துகொண்ட விதமும் கண்டனத்துக்கு உள்ளானது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. இருந்தும் அந்தத் தீயை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. எதிரில் நிற்பவரையும் பேசி மாற்ற முடியும் என்பதுதான் போராடும் உரிமையின் வேர். அவரைக் கொளுத்த வருகிறவர் அந்த வேரையே வெட்டுகிறார். வெளிப்படையாக மீறுவது, பெயரை மறைக்காதது, யாரையும் காயப்படுத்தாதது, தண்டனை வந்தால் ஓடாதது ஆகிய நான்கையும் வெறும் உத்தி என்று சிலர் சொல்வார்கள். எடுத்துச் சொல்வதற்கும் மிரட்டுவதற்கும் நடுவே இருக்கும் கோட்டை இவற்றைவிட்டு வேறெதைக் கொண்டு வரைவது?

ஜனநாயகத்தில் வாக்குரிமை இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தெருவுக்கு ஏன் வர வேண்டும் என்பது வலுவான மறுப்பு. இந்தச் சட்டங்களின் கதையே அதற்குப் பதில் சொல்கிறது. 2022 ஜனவரியில் பிரபுக்கள் சபை பல கடும் பிரிவுகளை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. அவற்றை அரசு அடுத்த மசோதாவில் மறுபடி கொண்டுவந்தது. போராட்டத்தில் தலையிடக் காவல்துறை காட்ட வேண்டிய ‘கடும் இடையூறு’ என்றால் சிறிதளவுக்கு மேற்பட்ட எதுவும் ஆகலாம் என்ற வரையறையையும் அதே சபை நிராகரித்தது. உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மேன் 2023 ஜூனில் அதையே துணைவிதியாகக் கொண்டுவந்தார். அது சட்டவிரோதம் என்று 2024 மேயில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஆட்சி மாறியது. புதிய அரசும் மேல்முறையீட்டை விடவில்லை. 2025 மேயில்தான் அது தள்ளுபடியானது. நீதிமன்றம் சரியாகத்தான் சொன்னது, ஆனால் அது முடிவாக ஏறத்தாழ இரண்டாண்டு ஆனது. அதற்குள் அந்த விதியின்படி கைதானவர்கள் இழந்த நாட்களுக்குத் தீர்ப்பில் மருந்தில்லை. தவிர, வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நூறு விஷயங்களுக்கும் சேர்த்து ஒன்று. அநியாயம் தேர்தல் நாளைப் பார்த்து வருவதில்லை.

இன்னொரு மறுப்பை இதைவிட மதிக்கிறேன்: உங்கள் மனசாட்சிக்காக மற்றவர் ஏன் அவதிப்பட வேண்டும்? 2022 நவம்பரில் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் என்ற காலநிலைப் போராட்ட அமைப்பினர் லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலைக்கு மேலே குறுக்காகச் செல்லும் கட்டுமானங்களில் நான்கு நாட்கள் ஏறி நின்று போக்குவரத்தை முடக்கினார்கள். விமானத்தைத் தவறவிட்டவர்கள், இறுதிச் சடங்குக்குப் போக முடியாதவர்கள், மருத்துவரைப் பார்க்க முடியாமல்போன புற்றுநோயாளி என்று நீதிபதி பட்டியலிட்டார். அவர்களின் துன்பத்தைக் கொள்கையின் பெயரால் துடைத்துவிடுவது இரக்கமற்ற செயல். எந்த ஆம்புலன்ஸுக்கும் வழிவிட வேண்டியது போராடுகிறவரின் கடமை. தவறினால் தண்டனை நியாயமே. ஆனால் பாதையை மறிப்பதற்கு எதிராக 1980இலிருந்தே நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கிறது. எம்25 திட்டத்தை ஜூம் அழைப்பில் பேசியதற்காக ஐந்து பேருக்கு 2024 ஜூலையில் நான்கும் ஐந்தும் ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் ஓரளவு குறைந்தது. 2025 மார்ச்சில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் குவேக்கர் கூடத்தின் கதவை உடைத்து இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் நுழைந்து, அங்கே அறை எடுத்துக் கூடியிருந்த ஆறு பெண்களைக் கைது செய்தார்கள்; பொதுத்தொல்லைக்குச் சதி செய்ததாகச் சந்தேகம். அன்று எந்தச் சாலையும் மறிக்கப்படவில்லை, எந்த நோயாளியும் காத்திருக்கவில்லை. ஒருவருக்கு நேர்ந்த தீங்கைத் தண்டிப்பது வேறு, ஓர் எண்ணம் கூடி அமரும் இடத்தையே உடைப்பது வேறு. பின்னதற்குப் பாதிக்கப்பட்டவரின் பெயரைப் பயன்படுத்துவது அவருக்கும் செய்யும் அநீதி.

சரி, எது மனசாட்சி, எது பிடிவாதம் என்று யார் தீர்மானிப்பது? தன் மனசாட்சிக்குத் தானே நீதிபதி என்றால் வெறுப்பைப் பரப்புகிறவரும் அதையே சொல்வார். இதற்கு என் பதில், போராடுகிறவர் தானே தீர்மானிக்க வேண்டாம், கேட்கப்பட்டால் போதும் என்பது. வெறுப்பவருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. அவரும் பேசலாம், கூடலாம், தீங்கு செய்தால் தண்டனை ஏற்க வேண்டும். கேட்பதற்கு இங்கிலாந்து கண்டுபிடித்த நல்ல வழிகளில் ஒன்று, பென்னின் வழக்கில் உறுதிப்பட்ட ஜூரி. ஆனால் 2023இல் காலநிலைப் போராளிகள் சிலர் தாங்கள் ஏன் அப்படிச் செய்தோம் என்று ஜூரியிடம் சொன்னதற்காகவே, நீதிபதியின் தடையை மீறியதாகச் சிறை சென்றார்கள். அதைக் கண்டு ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் ஒருவர், மனசாட்சிப்படி விடுவிக்க ஜூரிகளுக்கு உரிமை உண்டு என்று எழுதிய அட்டையோடு நீதிமன்ற வாசலில் நின்றார். அந்த உரிமையை நிலைநாட்டிய புஷெலின் பெயரை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குள்ளேயே கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த அட்டைக்காகச் சமூகப் பணியாளர்மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடர அரசு அனுமதி கேட்டது. 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மறுத்தது; ஆகஸ்டில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆனால் உள்ளே நிற்கிற குற்றம்சாட்டப்பட்டவர், தான் ஏன் அதைச் செய்தேன் என்று பன்னிரண்டு ஜூரிகளிடம் சொல்வதற்கு இருந்த தடை அந்தத் தீர்ப்பால் நீங்கிவிடவில்லை. அவர் பேசட்டும், கேட்டபிறகு ஜூரி தண்டிக்கட்டும். அப்படி வரும் தண்டனைக்குப் பணியச் சொன்னால் அதில் நியாயம் இருக்கும்.